அன்புசெல்வி வீட்டுச் சோலார் விளக்கு

இரவு இரண்டரை மணி. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கனகசெட்டிக்குளத்து மீனவர் குடியிருப்புக்கு இறங்குகிற மணல் பாதை. இரண்டு பக்கமும் சவுக்கு. தெருவிளக்கு கிடையாது. காற்றடித்தால் அந்தச் சவுக்குத் தோப்பு ஒரே மூச்சாக இழுக்கும்... உஸ்ஸ்ஸ் என்று. அன்றைக்குக் காற்றே இல்லை. அதுதான் வெற்றிவேலுக்குப் பிடிக்கவில்லை.

அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், அணைந்துவிடப் போகிறது. கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரமாகும். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

யாரோ எங்கோ சொன்ன கதை இல்லை இது. என் கூட்டாளி இளஞ்செழியனின் தங்கையைக் கட்டியவன்தான் வெற்றிவேல். முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு கடை. சோலார் விளக்கு விற்பான். விற்றதோடு விடாமல் தானே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டியும் கொடுப்பான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சும்மாவே ஏறி பேனலைத் துடைத்துவிட்டு வருவான். அப்படி ஒரு மனிதன்.

அந்த நேரத்தில் அவன் அங்கே போனதும் ஒரு விளக்கைப் பார்க்கத்தான். தனக்கொடி என்கிற மீன்காரம்மா நாலு தடவை போன் செய்துவிட்டாள். வீட்டு வாசலில் இருக்கிற சோலார் விளக்கு தினமும் மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் தானாகப் பளிச்சென்று எரிகிறதாம். யாரும் வருவதில்லையாம்.

அந்த விளக்கை மாட்டியதும் வெற்றிவேல்தான். போன வருடம், தனக்கொடியின் மகன் பாலாஜி கேட்டு வாங்கியது. பாலாஜி சாயங்காலம் படகில் போய் வலை விட்டு, விடியற்காலை மூன்று மணிக்குக் கரை ஏறுவான். அவன் கொண்டுவருகிற மீனை எடுத்துக்கொண்டு தனக்கொடி டவுன் மார்க்கெட்டுக்குப் போவாள். அவன் திரும்பும் வரை மனைவி அன்புசெல்வி வாசல் டியூப்லைட்டை அணைக்க மாட்டாள். கண்ணையும் மூட மாட்டாள்.

"அண்ணே, ராத்திரி பூரா லைட்டைப் போட்டு வக்கிறா. கரண்டும் வீணு, அவ தூக்கமும் வீணு. ஆள் வந்தா மட்டும் எரியற மாதிரி ஒண்ணு குடுண்ணே" என்று கடைக்கே வந்து கேட்டான் பாலாஜி.

அதற்கென்றே சென்சார் வைத்த விளக்கு உண்டு. பகல் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவில் மின்மினி மாதிரி மங்கலாக இருக்கும். பத்தடி தூரத்தில் ஆள் வந்தால் முழு வெளிச்சம். அரை நிமிடம் எரிந்துவிட்டு மறுபடி மங்கும். இலை அசைந்தாலோ மழை பெய்தாலோ எரியாது. நடமாடுகிற உடம்பின் சூடு வேண்டும் அதற்கு.

மாட்டி முடித்ததும் பாலாஜி சின்னப் பிள்ளை மாதிரி ஏழெட்டுத் தடவை வாசலுக்கும் தெருவுக்கும் நடந்து பார்த்தான். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு தடவையும் சிரித்தான்.

"பாத்தியா செல்வி? இனிமே நீ முழிச்சிக்கிட்டுக் கெடக்க வேணாம். நான் வந்தா இது சொல்லும். நீ நிம்மதியா தூங்கு."

"வெளக்கு எதுக்கு? உன் மேல வர்ற கவுச்சி நாத்தமே என்னை எழுப்பிடும்" என்றாள் அவள். தனக்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கிளம்பும்போது வெற்றிவேல் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். கடல் காற்றில் பேனல் மேல் உப்புப் படியும். தினமும் நல்ல தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெயில் உள்ளே இறங்காது, விளக்கு எரியாது. அந்த வேலையை அன்புசெல்வி எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரை ஓரத்தில் இருந்த பேனலைத் துடைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

கார்த்திகையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. வானமும் மூடியே கிடந்தது. பேனலை யாரும் துடைக்கவில்லை. விளக்கு அணைந்துபோனது. அந்த வாரத்தில் ஒரு ராத்திரி போன பாலாஜி திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் படகு கவிழ்ந்து மிதந்தது. அவன் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காமல் கருமாதி செய்யக் கூடாது என்று அன்புசெல்வி பிடிவாதமாக இருந்தாள். துக்கம் கேட்கப் போன வெற்றிவேலிடம் அவள் சொன்னதும் ஒரே வார்த்தைதான்.

"நான் பேனலைத் தொடைக்கலண்ணே. வெளக்கு எரியல. அதான் அவருக்குக் கரை தெரியல."

"இந்த வெளிச்சம் அந்தத் தென்னமரத்தையே தாண்டாதும்மா. கடல்ல இருக்கறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. உன் மேல தப்பு இல்ல தங்கச்சி."

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து போய், துணியை நனைத்து, பேனலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவன் போன பதினாறாம் நாளிலிருந்துதான் அந்த மூன்று பத்து தொடங்கியது. இரண்டு மாதமாக ஒரு நாள் தவறவில்லை.

வெற்றிவேல் வண்டியை நிறுத்தினான். வீட்டுக்கு எதிரே வலைக் குவியலுக்குப் பின்னால் தனக்கொடி உட்கார்ந்திருந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாய் ஏதாச்சும் வந்து போவுதாம்மா?"

"நாயி மணி பாத்துட்டா வருது? பேசாம குந்து."

மூன்று மணி ஆனது... ஐந்து... ஏழு...

முதலில் வாடைதான் வந்தது. டீசலும் ஈர வலையும் கலந்த வாடை. பிறகு ஒரு சத்தம். ஈர லுங்கி காலில் அடிக்கிற மாதிரி. சளப்... சளப்... மணலில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் அவர்களைத் தாண்டிப் போனது. வாசலில் நின்றது.

விளக்கு எரிந்தது.

வெள்ளை வெளிச்சத்தில் வாசல் காலியாக இருந்தது. கதவு திறந்தது. கையில் சொம்போடு அன்புசெல்வி வந்தாள். கரை ஏறி வருகிறவன் காலில் உப்புப் போக நல்ல தண்ணீர் ஊற்றுவது அவள் வழக்கம். அதேபோல் குனிந்து, வெறுந்தரையில் மெதுவாக ஊற்றினாள். ஒரு காலுக்கு... பிறகு இன்னொரு காலுக்கு. அரை நிமிடம். விளக்கு மங்கியது. அவள் அந்த இருட்டிலேயே நெடுநேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

தனக்கொடி வெற்றிவேலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள போனது போவட்டும் தம்பி. அடுத்த வீட்டுப் பொண்ணு இவ. ரெண்டு மாசமா தூக்கம் இல்ல, சோறு இல்ல. இந்த வெளக்கைக் கழட்டிட்டுப் போயிடு. இவளாச்சும் பொழைக்கட்டும்."

பெற்ற வயிறு அப்படிச் சொல்கிறது என்றால் யாரால் மறுக்க முடியும்? விடிந்ததும் வெற்றிவேல் விளக்கைக் கழற்றினான். ரிப்பேர் செய்து இரண்டு நாளில் கொண்டுவருவதாக அன்புசெல்வியிடம் பொய் சொன்னான். வண்டியில் இருந்த வேறொரு விளக்கை மாட்டினான். சென்சார் இல்லாதது, இரவு முழுக்க ஒரே சீராக எரிவது.

"சீக்கிரம் கொண்டாந்துடுங்கண்ணே" என்றாள் அவள். "அவரு தேடுவாரு."

முத்தியால்பேட்டைக்கு வந்து வெற்றிவேல் விளக்கைத் திறந்து பார்த்தான். சென்சாருக்குப் போகிற இரண்டு ஒயரையும் உப்பு எப்போதோ தின்றுவிட்டிருந்தது. தொட்டதும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. அந்த விளக்கு ஆள் வந்ததை அறிந்து எரிந்திருக்கவே முடியாது. பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, மொட்டை மாடி அறையில் அலமாரி மேல் வைத்தான்.

மறுநாள் காலையில் காலாப்பட்டிலிருந்து போன். ஹேமலதா டீச்சர். அவர் வீட்டுக்கும் வெற்றிவேல்தான் விளக்கு மாட்டியிருந்தான்.

"ஏம்பா, நேத்து மூணு மணிக்கு மேல உன் லைட்டு பளிச்சுனு எரிஞ்சுது. எட்டிப் பாத்தா யாரும் இல்ல. காலையில வாசப்படி ஈரமா கெடக்குது."

அதற்கு அடுத்த நாள் கருவடிக்குப்பத்திலிருந்து நிர்மலாதேவியம்மா.

"ராத்திரி லைட்டு எரிஞ்சுது. யாரோ தாகத்துக்கு நின்னாப்ல இருந்துச்சு தம்பி. ஆளைக் காணோம். சரி, பாவம்னு ஒரு சொம்பு தண்ணி வெச்சேன். காலையில அப்படியே இருந்துச்சு. வீணாக்க வேணாம்னு எடுத்து வாயில வெச்சுப் பாத்தா... உப்பு கரிக்குது."

போனை வைத்த பிறகு வெற்றிவேல் ஊர்களை விரல் விட்டு எண்ணினான். கனகசெட்டிக்குளம்... காலாப்பட்டு... கருவடிக்குப்பம். தெற்கே, தெற்கே. ஒவ்வொரு வீட்டிலும் அதே மாதிரி விளக்கு. யாரோ ஒவ்வொரு விளக்கின் கீழேயும் நின்று, இது என் வாசலா என்று பார்த்துவிட்டு நகர்கிறார்கள். அடுத்தது முத்தியால்பேட்டை.

அன்று இரவு அவன் தூங்கவில்லை. மனைவி சிந்துஜாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நெற்றி நிறைய விபூதியைப் பூசிக்கொண்டு மொட்டை மாடி அறையில் உட்கார்ந்தான். மூன்று பத்து. தெருவில் ஒரு நாய் ஊளையிட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியது. டீசல் வாடை... படிக்கட்டில் சளப்... சளப்... ஒவ்வொரு படியாக... அறை வாசலில் நின்றது.

அலமாரி மேல், பேட்டரி இல்லாத, ஒயர் இல்லாத அந்த விளக்கு எரிந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியதாம். ஆனால் கண் முன்னால் வந்தது, வாசலுக்கும் தெருவுக்கும் நடந்து நடந்து சிரித்த அந்தப் பையனின் முகம். வெற்றிவேல் கை கூப்பினான்.

"தம்பி... பாலாஜி... இது உன் வீடு இல்லப்பா. தப்பு என்னுது. வெளக்கை நான்தான் எடுத்தாந்துட்டேன். விடிஞ்சதும் கொண்டு போய் மாட்டிடறேன். நீ வீட்டுக்குப் போ ராஜா."

அரை நிமிடம். விளக்கு அணைந்தது. விடிந்து பார்த்தபோது கடைசிப் படியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஈரத் தடம். பாதம் அளவுக்கு.

புது ஒயரும் புது பேட்டரியும் போட்டு, காலையிலேயே கனகசெட்டிக்குளத்துக்குப் பறந்தான். அங்கே அன்புசெல்வி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் குழி விழுந்திருந்தது. மூன்று ராத்திரியும் அவள் உள்ளே போகவே இல்லையாம். விளக்கு விடிய விடிய ஒரே மாதிரி எரிந்தால், அவன் வருகிற நேரம் எப்படித் தெரியும்? அதனால் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

"வெளிச்சம் இருக்குதுண்ணே. அவருதான் வரல."

தூங்கட்டும் என்று கேட்டவள் தனக்கொடி. செய்து கொடுத்தவன் வெற்றிவேல். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பழைய விளக்கைப் பழைய இடத்தில் மாட்டினான். கெங்கையம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, இரவு அங்கேயே இருந்தான். மூன்று பத்து வந்தது, போனது. விளக்கு மங்கலாகவே இருந்தது. அன்புசெல்வி சொம்போடு அசையாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

காலையில் போன் வந்தது. அரியாங்குப்பத்தில் டீக்கடை வைத்திருக்கிற பக்கிரி. "இன்னா வெற்றி, மூணு பத்துக்கு உன் லைட்டு..." என்று அவன் ஆரம்பித்தபோதே வெற்றிவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அரியாங்குப்பம் முத்தியால்பேட்டைக்கும் தெற்கே. வீட்டுக்குப் போ என்று சொன்னானே தவிர, வீடு எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. விளக்கை வைத்துத்தான் அந்தப் பையனுக்கு வழி தெரியும். விளக்கு வண்டியில் ஏறி வடக்கே போய்விட்டது. அவன் நடந்து தெற்கே போய்க்கொண்டிருக்கிறான்.

வெற்றிவேல் தான் விளக்கு மாட்டிய அத்தனை வீட்டுக்கும் போன் செய்தான். உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கச் செய்தான். சொன்னது இவ்வளவுதான்: 'ராத்திரி மூணு பத்துக்கு உங்க வாசல் லைட்டு எரிஞ்சா பயப்படாதீங்க. கதவைத் தெறந்து, தரையில ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்துங்க. கனகசெட்டிக்குளம் வடக்கே இருக்குதுப்பான்னு வாய் தெறந்து சொல்லுங்க. அது போதும்.'

சிலர் சிரித்தார்கள். சிலர் விளக்கையே கழற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

"உயிரோட இருக்கறவனுக்கு டீ ஆத்தறதே பெரும்பாடு. செத்தவனுக்கு வழி சொல்ற வேலையும் எனக்கா?" என்றான் பக்கிரி. ஆனால் அன்று இரவு அலாரம் வைத்து எழுந்து, தண்ணீர் ஊற்றிச் சொன்னவனும் அவன்தான். ஒரு சொம்பு தண்ணீர்... ஒரு நல்ல வார்த்தை... அது எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்று ஊற்றுகிற நமக்கு என்ன தெரியும்? கொண்டு சேர்க்கிறவன் மேலே இருக்கிறான்.

இரண்டு நாள் கழித்து முத்தியால்பேட்டையிலேயே பக்கத்துத் தெருவிலிருந்து போன் வந்தது. அதற்கு மறுநாள் கருவடிக்குப்பம், நிர்மலாதேவியம்மா. அதற்கும் மறுநாள் ஹேமலதா டீச்சர்.

"சொன்னேம்பா... 'கண்ணு, இன்னும் கொஞ்ச தூரந்தான், நேரா போ'ன்னு சொன்னேன்..."

அன்று இரவு வெற்றிவேல் மறுபடி அந்த வலைக் குவியலுக்குப் பின்னால் தனக்கொடியோடு உட்கார்ந்தான். பாலாஜி வழி கேட்டு நடந்து வருவதைப் பெண்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தான். வாசல் சிமெண்டுத் தரையில் அன்புசெல்வி பாய் விரித்து, நல்ல தண்ணீர்ச் சொம்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காலையில் விட்டுப்போன தன் வேலைதான் என்று பேனலைத் துடைக்கத் துணியை நனைத்தாள். ஸ்டூலில் ஏறத் தெம்பில்லை. துணியைக் கூரை ஓரத்தில் போட்டுவிட்டு அப்படியே பாயில் சாய்ந்தாள். இரண்டரை மணிக்குக் கண் சொருகிவிட்டது.

"எழுப்பட்டுமா?" என்று கேட்டாள் தனக்கொடி. வெற்றிவேல் வேண்டாம் என்று தலையசைத்தான்.

மூன்று பத்து.

வாடை வந்தது. சத்தமும் வந்தது. இந்தத் தடவை மெதுவாக... ரொம்பத் தூரம் நடந்து களைத்த கால் மாதிரி. சளப்... ... சளப்... வாசலுக்கு வந்தது. நின்றது.

விளக்கு எரியவில்லை. இருந்த மங்கல் வெளிச்சமும் போய்விட்டது, யாரோ அதைக் கையால் பொத்தின மாதிரி. கும்மிருட்டு.

பிறகு கூரை ஓரத்திலிருந்து ஒரு சத்தம். கீச்... கீச்... கண்ணாடி மேல் ஈரத்துணி தேய்கிற சத்தம். நிதானமாக, மூலை விடாமல், பொறுமையாகத் துடைக்கிற சத்தம். நெடுநேரம் கேட்டது. அப்புறம் சொம்பு தரையில் உட்கார்கிற 'ணங்'. அப்புறம் ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். போகிற சத்தம் கேட்கவில்லை. இரண்டு பேராலும் விடியும் வரை கையைக் காலை அசைக்க முடியவில்லை.

காக்கை கத்தியது. வெளிச்சம் வந்தது. பேனல் பளபளவென்று இருந்தது. சொம்பு காலி. தெற்குப் பக்கமிருந்து வாசல் வரைக்கும் மணலில் கால் தடம். திரும்பிப் போன தடம் இல்லை.

அன்புசெல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி. இரண்டு மாதத்தில் அவள் அப்படித் தூங்கி யாரும் பார்த்ததில்லை. வெயில் முகத்தில் பட்ட பிறகுதான் திடுக்கிட்டு எழுந்தாள்.

"அத்தை... வந்தாரா?"

தனக்கொடி தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னை ஏன் எழுப்பல? ஐயோ... அவ்ளோ தூரம் நடந்து வந்தாரே... என்னை ஏன் எழுப்பல?"

"நீ தூங்கணும்னுதானேடி அந்த வெளக்கையே வாங்கியாந்தான் எம்புள்ள..."

அன்புசெல்வி கூரை ஓரத்துப் பேனலை நிமிர்ந்து பார்த்தாள். அவள் துடைக்காமல் விட்டதை யாரோ துடைத்திருந்தார்கள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அழுதாள், கார்த்திகையிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கருமாதிக்கு நாள் பாருங்க அத்தை."

சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டக் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். வெற்றிவேலும் அப்போதுதான் பார்த்தான். அவள் படுத்திருந்த பாதி காய்ந்திருந்தது. மறுபாதி தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும், ஒரு ஆள் நீளத்துக்கு நனைந்து, ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.